நெடுஞ்சரப் பாலியெத்திலீன்: ஒரு சொல்லுக்கான வாதம்

பலகையாகவும் கயிற்று இழையாகவும் வரும் UHMWPE (ultra-high-molecular-weight polyethylene) என்ற பிளாஸ்டிக்குக்குத் தமிழில் என்ன பெயர்? 'உயர்திறன் பாலியெத்திலீன்' என்பதில் எனக்கு உடன்பாடில்லை. எதில் திறன் என்று அந்தப் பெயர் சொல்வதில்லை. 'மீவுயர் அடர்த்திப் பாலியெத்திலீன்' பிழையே. இதன் அடர்த்தி கன செ.மீ.க்கு 0.93–0.94 கிராம்தான், கேனும் குடமும் செய்யும் உயரடர்த்தி வகை 0.95-ஐ ஒட்டி நிற்கும். இதன் மூலக்கூறுச் சங்கிலி மிக நீண்டுவிட்டதால் ஒழுங்காக மடிந்து படிகமாக முடியவில்லை, அடர்த்தி குறைகிறது. ஆக, வேறுபாடு நீளத்தில்தான் இருக்கிறது: மூலக்கூறு நிறை மோலுக்கு 30 முதல் 60 லட்சம் கிராம். 42 லட்சம் என்று கொண்டால் ஒரே சங்கிலியில் 3 லட்சம் கார்பன் அணுக்கள்!

'மீவுயர் மூலக்கூறு நிறைப் பாலியெத்திலீன்' சரியான பெயர். ஆனால் பட்டறையில் எவர் வாயிலும் நுழையாது. 'நீள்சங்கிலி' என்றால் 16, 18 கார்பன் கொண்ட கொழுப்பு அமிலங்களோடு குழம்பும். ஒரே மணி மீண்டும் மீண்டும் கோத்ததைச் சரம் என்கிறோம்; எனவே 'நெடுஞ்சரப் பாலியெத்திலீன்' என்கிறேன்.

வெப்ப நடத்தையையும் இந்தப் பெயர் விளக்கிவிடுகிறது. ஏறத்தாழ 135 டிகிரி செல்சியஸில் உருகும், ஆனால் ஒழுகாது. சரங்கள் பின்னிக்கிடப்பதால் ரப்பர்போல உருவம் மாறாமல் நிற்கும். உருக்கி அச்சுக்குள் பீய்ச்சும் வழக்கமான ஊசி வார்ப்பு எடுபடாததற்குக் காரணம் இதுதான். தூளை அச்சில் இட்டு, 200 டிகிரி அளவில் அழுத்தி, அழுத்தத்தைத் தளர்த்தாமல் மெல்ல ஆறவிட வேண்டும். அவசரமாகக் குளிர்வித்தால் மேற்புறம் முதலில் இறுகி, உட்புறம் பின்னர் சுருங்கிப் பலகை வளையும்.

பொருத்தும்போதுதான் பலர் தவறுகிறார்கள். மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, கிட்டத்தட்ட 0.2 மி.மீ. விரியும், எஃகைப்போல் பதினைந்து மடங்குக்கும் மேல். நிலக்கரித் தொட்டியின் உட்சுவரில் 2 மீட்டர்ப் பலகையை இறுக்கி முடுக்கினால், 30 டிகிரி ஏறியதும் 12 மி.மீ. போக இடமின்றி உப்பி எழும். துளைகளை நீள்வட்டமாகப் போடுங்கள். ஓரங்களில் இடைவெளி விடுங்கள். தொடர்ந்து 80 டிகிரிக்கு மேல் நம்பக்கூடாது. குளிரிலோ திரவ நைட்ரஜனின் மைனஸ் 196 டிகிரியிலும் நொறுங்காமல் தாங்கும்.

இதே பொருளை இழையாக்கினால் கதை தலைகீழ். சரங்கள் நீளவாக்கில் இழுபட்டு நிற்பதால், சூடேறினால் இழை நீள்வதில்லை, சிறிது சுருங்குகிறது. வெப்பமும் இழையின் நீளவாக்கில் நன்றாகக் கடக்கும். தொட்டால் குளிர்ச்சியாக உணரும் துணிகளுக்கு இதனாலேயே பயன்படுகிறது. ஆனால் உருகுநிலை 150 டிகிரியை ஒட்டியதே. இழுவைப் பொறியில் கயிறு வழுக்கி உரசினால் அந்தச் சூட்டிலேயே இழை பழுதாகும். இதை 'நெடுஞ்சர இழை' எனலாம், பலகையை 'நெடுஞ்சரப் பலகை' எனலாம்.

எஞ்சியிருப்பது இழை எடுக்கும் முறையின் (gel spinning) பெயர். நெதர்லாந்தின் டி.எஸ்.எம். வேதி நிறுவன ஆய்வகத்தில் பால் ஸ்மித், பீட் லெம்ஸ்ட்ரா இருவரும் 1970களின் இறுதியில் உருவாக்கியது: டெக்கலின் என்ற கரைப்பானில் பாலியெத்திலீனைச் சில விழுக்காடு மட்டும் கரைத்துச் சரங்களின் பின்னலைக் குறைத்து, துளைவழி தள்ளி, குளிர்ந்து களியானதைப் பன்மடங்கு நீட்டுவார்கள். 'கூழ்ம நூற்பு' வேண்டாம். கூழ்மம் வேறு பொருளில் (colloid) நிலைத்துவிட்டது. 'களி நூற்பு' என்றே வைப்போம்.