புதுப்பிப்பு: அண்ணனின் விபத்து இழப்பீடு, உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்துவிட்டது

லாரி ஓட்டுநரான என் அண்ணன் பணியின்போது நடந்த விபத்தில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். வருவாய்த் திறன் இழப்பு 100 சதவீதம் என்று இழப்பீட்டு ஆணையர் போட்ட உத்தரவை எதிர்த்துக் காப்பீட்டு நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் போனதை இங்கே எழுதியிருந்தேன். மேல்முறையீடு தள்ளுபடியாகிவிட்டது. வழிகாட்டிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது, 1975 உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டச் சொன்ன நண்பரின் யோசனைதான். இடது கையை இழந்த தச்சர் இனித் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால், அதை முழு இழப்பாகவே ஏற்ற தீர்ப்பு அது. எங்கள் வழக்குக்குப் பொருந்திய 1923ஆம் ஆண்டுப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணைப்படி அண்ணனின் இழப்பு 50 சதவீதம்தான் என்று நிறுவனம் வாதாடியது. கிளட்ச்சை மிதிக்கக் காலே இல்லாதவர் எந்த லாரியை ஓட்டுவார் என்று எங்கள் வழக்கறிஞர் கேட்டார். அந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவின்படி, முக்கியமான சட்டக் கேள்வி எழுந்தால்தான் மேல்முறையீடு நின்றிருக்கும். இங்கே அப்படி எதுவும் இல்லை என்று நீதிபதி முடித்துவிட்டார்.

விபத்து நடந்த நாளிலிருந்து 12 சதவீத வட்டியையும் நிறுவனமே தர வேண்டும்.

நாங்கள் எதிர்பாராதது அபராத விஷயம். அது இழப்பீடு தருவதில் முதலாளி செய்த தாமதத்துக்கான தண்டனை. காப்பீட்டு நிறுவனத்தைச் சேராது என்று உச்ச நீதிமன்றம் 1997இலேயே சொல்லியிருக்கிறது. ஆகவே உத்தரவில் அபராதமும் இருந்தால், அதை முதலாளியிடம்தான் வசூலிக்க வேண்டும். அப்படி வசூலிக்கக் கேட்கும் மனுவைத் தள்ளிப்போடாமல் உடனே ஆணையரிடம் கொடுங்கள். நாங்களும் கொடுத்திருக்கிறோம்.