பரியன் ஏன் புகார் கொடுக்கவில்லை?

பாளை வக்கீல்:
‘பரியேறும் பெருமாள்’ (2018) படத்தை நேற்று மறுபடி பார்த்தேன். மாரி செல்வராஜுக்கு இது முதல் படம் என்றால் நம்ப முடிகிறதா? அதில் எனக்குத் தகராறு இல்லை. முடிவுதான் உறுத்துகிறது. ஒடுக்கப்பட்ட சாதிப் பையன் பரியனைத் தண்டவாளத்தில் கிடத்திக் கொல்லப் பார்த்திருக்கிறார்கள். அவன் படிப்பதோ நம் ஊர்ச் சட்டக் கல்லூரியில். 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தெரியாதா? புகார் எழுதாமல், கூடப் படிக்கும் ஆதிக்கச் சாதிப் பெண் ஜோவின் தந்தையோடு பேசிக்கொண்டிருக்கிறான்.

வண்ணார்பேட்டைக்காரி:
அண்ணாச்சி, புகார் கொடுத்தால் முதலில் விசாரணைக்கு இழுக்கப்படுபவள் ஜோ. அவளுக்குத் தெரியக் கூடாது என்றுதானே கல்யாண வீட்டில் அவள் வீட்டாரிடம் பட்ட அவமானத்தையும் விழுங்கினான்? வழக்கு நடந்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். வேறு சாதிப் பெண்ணோடு பழகியதற்காகக் கொல்லப்பட்ட கோகுல்ராஜ் உடல் தண்டவாளத்தில் கிடந்தது 2015-இல். முக்கியச் சாட்சியே பிறழ்ந்தார்.

பாளை வக்கீல்:
பிறழ்ந்தும் 2022-இல் ஆயுள் தண்டனை கிடைத்ததே அம்மா! யாரோ விடாமல் வழக்கு நடத்தியதால்தானே? படத்தின் கடைசியில் வரும், நடுவே பூ வைத்த இரண்டு தேநீர்க் கோப்பைகள் பார்க்க அழகுதான். கோப்பையை வைத்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய முடியாது.

தாமிரபரணித் தம்பி:
இருவருமே பரியனைக் கொல்ல வந்த அந்தத் தாத்தாவை விட்டுவிட்டீர்களே. என்னைத் தூங்கவிடாமல் செய்தது அவர்தான். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்போமே, அப்படி ஒரு முகம். கூலிக்காகக் கொல்லவில்லை, குலசாமிக்குச் செய்யும் கடன் என்று நினைக்கிறார். தோற்றதும் தானே தண்டவாளத்தில் படுத்துக்கொள்கிறார். ஒரு கணம் எனக்குப் பரிதாபம் வந்துவிட்டது, வந்ததற்கு வெட்கப்பட்டேன். தாத்தாவாக நடித்த கராத்தே வெங்கடேசன் வில்லன்போல முறைத்திருந்தால் இந்தச் சங்கடமே இல்லை.

வண்ணார்பேட்டைக்காரி:
பரிதாபப்பட எனக்கு முடியவில்லை, தம்பி. அவர் கொன்றவர்களுக்கு அந்தப் படத்தில் பெயர்கூடக் கிடையாது.

பாளை வக்கீல்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். அந்தத் தாத்தா செத்ததோடு விபத்துபோல அவர் செய்த அத்தனை கொலைகளும் விபத்துகளாகவே நின்றுவிட்டன. ஜோ விஷயத்துக்கும் வருகிறேன். அவளைக் காப்பாற்றத்தான் மௌனம் என்கிறீர்கள். சரி, அவளிடம் யார் கேட்டார்கள்? தந்தையும் மறைக்கிறார், அவனும் மறைக்கிறான்.

வண்ணார்பேட்டைக்காரி:
இந்த இடத்தில் உங்களோடு சண்டை போட முடியவில்லை, அண்ணாச்சி. ஆனால் அவளிடம் சொல்லியிருந்தால் அன்றிரவு அவள் உயிரோடு இருந்திருப்பாளா? அதை மட்டும் எழுதுங்கள்.