செங்காந்தள் விதை 70 நாளாகியும் முளைக்கவில்லை, என்ன செய்யலாம்?

மூலனூர் பக்கம் சொந்தக்காரர் தோட்டத்து வேலியில் படர்ந்திருந்த கொடியில் இருந்து மார்கழியில் காய் பறித்து வந்தேன். முற்றி வெடித்த காய்தான். உள்ளே மிளகு அளவில் செக்கச்செவேல் என்று விதை. தை மாதமே 30 விதையைத் தொட்டியில் போட்டு, தினமும் தண்ணீர் விட்டேன். நேற்று கிளறிப் பார்த்தால் நாலைந்து பூசணம் பிடித்துக் கொழகொழவென்று இருக்கிறது. மற்றதெல்லாம் போட்டபடியே கல் மாதிரி கிடக்கிறது. செத்துவிட்டதா? கிழங்கு வாங்கி நடச் சொல்கிறார்கள். ஆனால் அந்த வேலியையே இப்போது எடுத்துவிட்டார்கள். அந்தக் கொடியின் மிச்சம் இந்த விதைதான்.

வேலியோரம்:
சாகவில்லைங்க, உறங்குகிறது. கண்வலி என்பதும் செங்காந்தள்தான்; அதன் விதை பறித்த கையோடு முளைக்காது, ஆறிலிருந்து ஒன்பது மாதம் அதற்கு உறக்கம். அதுவரை ஈரத்தில் கிடந்தால் அழுகத்தான் செய்யும். கெட்டியாக இருப்பதை எடுத்துக் கழுவி, நிழலில் உலர்த்தி, காகித உறையில் வையுங்கள். ஆடி மழைக்கு எடுத்து உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ஒரு ராத்திரி ஊறவைத்து, செம்மண்ணும் மணலும் கலந்து அரை அங்குல ஆழத்தில் போடுங்கள். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். விதையிலும் கிழங்கிலும் கோல்ச்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது, உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் குழந்தை இருந்தால் உறையை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

மாடித்தோட்டம்:
முளைத்த பிறகுதான் பலர் கோட்டை விடுகிறார்கள், நானும் விட்டேன். முதல் வருடம் நாலைந்து இலை வரும், பனிக்காலத்தில் மொத்தமாகக் காய்ந்துவிடும். போய்விட்டது என்று மண்ணோடு கொட்டினேன். கொட்டிய மண்ணில் விரல் நகம் அளவுக்கு வெள்ளையாய்ச் சின்னக் கிழங்குகள்! நுனியில்தான் முளைக்கண், அது ஒடிந்துபோயிருந்தது. காய்ந்ததும் தண்ணீரை நிறுத்திவிட்டு, தொட்டியை நகர்த்தாமல் விடுங்கள். அடுத்த மழைக்கு அதுவே எழும்பும். பூப்பதற்கு மூன்று நான்கு வருடம் ஆகும். வயலில் விதை போடாமல் கிழங்கு நடுவது இதனால்தான்.

கேட்டவர் (புரட்டாசியில்):
11 முளைத்திருக்கிறது. புல் மாதிரி ஒற்றை இலை, நுனியில் பற்றிப் படரும் அந்தச் சுருள் இன்னும் வரவில்லை. தொட்டியின் மேல் ஆடிப் பதினெட்டு என்று போட்ட நாளை எழுதி வைத்திருக்கிறேன். இனி கிளற மாட்டேன்.