திரும்பத் திரும்ப வந்த சீழ்க்கட்டி: ஐந்து மாதங்களுக்குப் பின் ஒரு புதுப்பிப்பு

பாம்பனில் வலை இழுக்கும் என் தம்பிக்கு ஓராண்டில் ஆறு முறை சீழ்க்கட்டி வந்ததையும், மருந்துக்கடை மாத்திரையை ஒவ்வொரு முறையும் மூன்றாம் நாளே அவன் நிறுத்திவிட்டதையும் மாசியில் எழுதியிருந்தேன். சூட்டுக் கட்டிதான், இளநீர் கொடுங்கள் என்று பலர் அன்போடு சொன்னீர்கள்.

அது சூடு அல்ல. ராமநாதபுரத்தில் தோல் மருத்துவர் கட்டியைக் கீறி, சீழிலுள்ள கிருமியை வளர்த்துக் கண்டறியும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பியபோது ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா தெரிந்தது. ஏறத்தாழ பத்தில் மூன்று பேரின் மூக்கினுள் தொல்லை தராமல் குடியிருக்கும் இது, விரல் வழியே தோலுக்கு வந்து, கயிறு உரசிய கீறலில் நுழைந்துவிடுகிறது. சர்க்கரையும் பார்த்தார்கள், இல்லை.

எங்கள் வீட்டில் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய ஒரே ஈரத் துண்டால்தான் நால்வரும் துடைத்துக்கொண்டிருந்தோம். மருத்துவர் சொன்னபடி நால்வரும் ஒரே நாளில் தொடங்கி, பாக்டீரியாவை ஒழிக்கும் முபிரோசின் களிம்பைக் காலையும் மாலையும் 5 நாட்கள் மூக்குத் துளைகளில் தடவி, கண்ணிலும் காதிலும் படாமல் குளோர்ஹெக்சிடின் என்னும் கிருமிநாசினிக் கரைசலால் குளித்தோம். துண்டும் சவரக்கத்தியும் இப்போது அவரவருக்குத் தனி. துணிகளை வெந்நீரில் அலசி வெயிலில் உலர்த்துகிறோம்.

ஆனியில் சிறிய கட்டி ஒன்று வந்தது. அவன் அதைப் பிதுக்காமல் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, துணிக்கட்டால் மூடிவைத்தான். தானே உடைந்து ஆறிவிட்டது. காய்ச்சல் வந்தாலோ, சிவப்பு பரவினாலோ, முகத்தில் கட்டி வந்தாலோ காத்திருக்க வேண்டாம், தயவுசெய்து உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். முபிரோசினை நீங்களாகவே அடிக்கடி தடவாதீர்கள். கிருமி அதற்குப் பழகிவிடும்.