கொடை விழாவில் சிறார் எழுத்தாளருக்கு என்ன வேலை?

சேரன்மகாதேவிக்காரன்:
எங்கள் ஊர்க் கோயிலின் ஆடித் திருவிழாவான கொடைக்காகக் கமிட்டி கூடியிருந்தோம். மதியப் பூசையான மதியக்கொடை முடிந்தால் நள்ளிரவுப் பூசையான சாமக்கொடை வரைக்கும் ஊரே பந்தலைச் சுற்றித்தான் கிடக்கும். மும்பையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வந்த பிள்ளைகள் கைப்பேசியும் கையுமாக மூலைக்கு ஒருவராக உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரத்தில் நம் பக்கத்துச் சிறார் எழுத்தாளர் ஒருவரை அழைத்துக் கதை சொல்லச் சொல்லலாம், அவருடைய புத்தகங்களையும் விற்கலாம் என்றேன். பாதிப் பேர் தலையாட்டினார்கள். மீதிப் பேர் ‘கோயிலைக் கடைத்தெரு ஆக்காதே’ என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பாளை சைக்கிள்:
பலூன் கடையும் வளையல் கடையும் கோயில் வாசலில்தான் இருக்கின்றன. புத்தகம் வந்தால் மட்டும் சாமி கோபித்துக்கொள்ளுமா என்ன? என் ஆட்சேபம் வேறு. எழுதுகிறவர்களுக்கு எழுதுவதுதான் வேலை. இப்போது குரலை மாற்றிப் பேசத் தெரிந்தவர், தொப்பி போட்டு ஆடத் தெரிந்தவர்தான் ‘சிறார் எழுத்தாளர்’ என்று ஆகிவிட்டது. நன்றாக எழுதிவிட்டுக் கூச்சத்தோடு வீட்டில் இருப்பவரை யார் அழைக்கப் போகிறார்கள்? குடும்பங்களைச் சந்திக்கத்தான் பாளையங்கோட்டையில் பொருநை புத்தகத் திருவிழா நடக்கிறதே. 10 சதவீதத் தள்ளுபடியும் உண்டு. வேண்டுகிறவர்கள் அங்கே வரட்டும்.

களக்காட்டு வாழை:
அண்ணாச்சி, அந்தத் திருவிழாவுக்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகிறவள் நான். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் வரிசை. அரங்குக்குள் நுழைந்தால் ‘நிற்காதே, நட.’ கையில் வியர்த்துக் கசங்கிய இருபது ரூபாய்த் தாளை வைத்துக்கொண்டு பிள்ளை எதை வாங்கும்? வண்ணம் தீட்டுகிற புத்தகம், ஒட்டுப்படம், வாசனை அழிப்பான். அவற்றையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தாயும் தகப்பனும் பக்கத்தில் இல்லை. எழுத்தாளர் மாலை ஆறு மணிக்கு மேடையில் பேசுகிறார். எங்கள் பஸ் மூன்று மணிக்கே கிளம்பிவிடுகிறது. இதில் எந்தக் குடும்பத்தை எந்த எழுத்தாளர் சந்தித்தார்?

பள்ளியில் வாசிப்பு இயக்கம் என்று நுழை, நட, ஓடு, பற எனப் படி வைத்துச் சிறு நூல்கள் தருகிறார்கள். பிள்ளைகள் ஆசையாகத்தான் படிக்கிறார்கள். வீட்டில்தான் புத்தகம் இல்லை.

பாளை சைக்கிள்:
டீச்சர், அப்படியானால் பஸ் நேரத்தை மாற்றச் சொல்லுங்கள். அதற்காக எழுத்தாளரைக் கரகாட்டத்துக்கும் சாமக்கொடைக்கும் நடுவில் கொண்டுபோய் உட்கார வைப்பானேன்?

கதைப்பாய்:
நான் அப்படி உட்காருகிறவள்தான். சிறுவர் கதை எழுதுகிறேன், கொடைகளுக்கும் போகிறேன். தொப்பி போடுவதில்லை.

பாயை விரித்ததும் முதலில் வருவது பிள்ளைகள் அல்ல, ஆச்சிகள். போன வருடம் ஓர் ஊரில் கதையைப் பாதியில் நிறுத்தி, ‘நரி இனி என்ன செய்யும்?’ என்று கேட்டேன். பிள்ளைகள் வாய் திறப்பதற்குள் ஓர் ஆச்சி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, ‘அது அப்படி முடியாது, நான் சொல்கிறேன் கேள்’ என்று தொடங்கிவிட்டார். என் கதை போயிற்று. அவருடைய முடிவு என்னுடையதைவிட நன்றாக இருந்தது, அது வேறு விஷயம். கருப்பட்டி மிட்டாய் தின்ற கையோடு அவருடைய மும்பைப் பேரன் என் புத்தகத்தை எடுத்துப் பிரித்தான். அவனுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. ஆச்சிக்கும் எழுத்து தெரியாது. இரண்டு பேருமாக, வளையல் கடையில் நின்றிருந்த அவன் அம்மாவை இழுத்துக்கொண்டு வந்து வாசிக்க வைத்தார்கள். அந்த அம்மா எழுத்துக் கூட்டித்தான் வாசித்தார்; மகன் அவசரப்படுத்தினான். புத்தக அரங்கில் இந்த மூவரையும் ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை.

பாளை சைக்கிள்:
நல்ல காட்சி, மறுக்கவில்லை. மும்பைக்குப் போன பிறகு அந்த அம்மா புத்தகத்தை மறுபடி திறந்தாரா? உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பிள்ளை உங்கள் குரலைத்தான் கொண்டுபோயிருப்பான்.

கதைப்பாய்:
குரலைக் கொண்டுபோனால் நஷ்டமா அண்ணாச்சி? அழ. வள்ளியப்பாவின் பாட்டுகளைப் புத்தகத்தில் பார்ப்பதற்கு முன்பே காதில் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நம்மில் பாதிப் பேர்.

மேலப்பாளையத்தான்:
எல்லோரும் ‘ஊர், ஊர்’ என்று எழுதுகிறீர்கள். கொடை என்பது கோயில் வரி கொடுக்கிற குடும்பங்களின் விழா. ஒரு தெருக் கொடைப் பந்தலில் அடுத்த தெருப் பிள்ளை வந்து உட்காருவதில்லை. சில இடங்களில் உட்காரவும் முடியாது. அங்கே போய்க் கதை சொல்லிவிட்டுக் குடும்பங்களோடு பழகினேன் என்றால், எந்தக் குடும்பங்களோடு? நூலகம் என்றால் யாரும் வரலாம். அங்கே பாயை விரியுங்கள்.

களக்காட்டு வாழை:
இது நியாயமான கேள்வி. சனிக்கிழமை நூலகத்துக்கு எத்தனை தகப்பன்மார் வருவார்கள் என்பதும் நியாயமான கேள்விதான்.

கதைப்பாய்:
மேலப்பாளையத்தாருக்கு: நீங்கள் சொல்வது உண்மை, பூசி மெழுக மாட்டேன். அதனால்தான் ஓர் ஊரில் கொடைக்குப் போனால், அதே ஊரில் தேவாலயத்தின் விருந்துத் திருவிழாவான அசனப் பண்டிகைக்கும் கேட்டுப் போகிறேன். தேவாலயங்களில் மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்தி நடத்திப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வது அவர்களுக்குப் பழக்கம். பாய்கூட அவர்களே தருவார்கள். தர்கா கந்தூரிக்கு இன்னும் யாரும் அழைக்கவில்லை. அழைத்தால் வருவேன். அடுத்த தெருவுக்கு என்னை அழைக்க விடாத கமிட்டிகளும் உண்டு. அங்கே மறு வருடம் நான் போவதில்லை.

பாளை சைக்கிள்:
சரி, பணத்துக்கு வருவோம். யாரும் அதைப் பேசவில்லை. நையாண்டி மேளத்துக்கு முன்பணம், வில்லுப்பாட்டுக்கு முன்பணம். எழுத்தாளருக்கு?

சேரன்மகாதேவிக்காரன்:
புத்தகம் விற்றுக்கொள்ளட்டும் என்று பொருளாளர் சொன்னார்.

பாளை சைக்கிள்:
பார்த்தீர்களா! 50 ரூபாய்ப் புத்தகத்தில் வழக்கமான 10 சதவீத உரிமைத்தொகை என்றால் எழுதியவருக்கு 5 ரூபாய். பத்துப் புத்தகம் விற்றால் ஐம்பது. அது டீக்கும் வடைக்கும் சரியாகிவிடும். 2023-இல் சிறார் இலக்கியத்துக்கான பால சாகித்திய புரஸ்கார் வாங்கிய உதயசங்கர் கோவில்பட்டிக்காரர் (1986 வரை நம் திருநெல்வேலி ஜில்லாதான், அந்தப் பெருமை நமக்கும் உண்டு). அவரும் ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டு எழுதியவர்தான். சிறுவர்களுக்கு எழுதிச் சோறு தின்ன முடியாது என்று தெரிந்தும், அவர்களைச் சும்மா வரச் சொல்வதற்கு ‘குடும்பங்களோடு உறவு’ என்று பெயர் வைக்கிறீர்கள். இதுதான் என் கோபம்.

கதைப்பாய்:
இந்த ஒன்றில் அண்ணாச்சி கட்சிதான் நான். பதிப்பகத்தில் கழிவு விலைக்கு நானே வாங்கி விற்றால் கொஞ்சம் கூடக் கிடைக்கும். ஆனால் விற்காத கட்டு என் தலையில்தான் திரும்பி வரும். தவிர, விற்றுத்தான் கூலி என்றால் கதை சொல்லும்போதே கண் பெற்றோரின் சட்டைப்பைக்குப் போய்விடுகிறது. கதைக்குக் கூலியைக் கமிட்டி தரட்டும். புத்தகம் ஓரமாகப் பாயில் கிடக்கட்டும். வாங்கினாலும் சரி, புரட்டிவிட்டு வைத்தாலும் சரி.

மேலப்பாளையத்தான்:
வரிப் பணத்தில் கூலி என்றால் கதை கேட்க எல்லாத் தெருப் பிள்ளைகளும் வரலாம் என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பீர்களா, சேரன்மகாதேவிக்காரரே? அதைச் சொல்லுங்கள் முதலில்.

சேரன்மகாதேவிக்காரன்:
கூலியைப் பேசி முடித்துவிடலாம், வில்லுப்பாட்டுக் கணக்கிலேயே எழுதிக்கொள்ளலாம். அறிவிப்பதற்கு நான் தயார். கமிட்டியில் இரண்டு பெரியவர்கள் முறுக்கிக்கொள்வார்கள். பேசிப் பார்க்க வேண்டும், இப்போதே வாக்குக் கொடுக்க முடியாது.

பாளை சைக்கிள்:
கூலி கொடுத்தாலும் என் முதல் ஆட்சேபம் அப்படியேதான் இருக்கிறது. கூச்சக்காரர்களின் கதை என்ன ஆவது?

களக்காட்டு வாழை:
அவர்கள் புத்தகத்தை எனக்கு அனுப்பட்டும் அண்ணாச்சி. நான் வாசிக்கிறேன்.

கதைப்பாய்:
இன்னொரு நிபந்தனையும் உண்டு. கதை முடிகிற வரை பாட்டுப் போடுகிற ரேடியோ செட்டை (ஒலிபெருக்கியை) நிறுத்த வேண்டும். அது முடியாதென்றால் எவ்வளவு கூலி கொடுத்தாலும் வர மாட்டேன்.

சேரன்மகாதேவிக்காரன்:
பெரியவர்களைக்கூடச் சம்மதிக்க வைத்துவிடலாம் அக்கா. ரேடியோ செட்காரர் என் மைத்துனர். அவரிடம் என் பேச்சு எடுபடாது.