கோத்களோடு நேரில் பழகியவர்கள் எழுதுங்கள்

இரவுப்பணி, லீட்ஸ்

எங்கள் வார்டில் ஒரு மூத்த செவிலியர் இருக்கிறார். ஐம்பதைத் தாண்டி வெகு நாளாகிறது. பணி நேரத்தில் எல்லாரையும்போல நீலச் சீருடைதான். பணி முடிந்து உடை மாற்றிக்கொண்டு வந்தால் வேறு ஆள். அவர் ஒரு கோத்: இருண்ட தொனி இசையையும் கறுப்பு உடையையும் விரும்பும் கூட்டத்தைச் சேர்ந்தவர். தலை முதல் கால் வரை கறுப்பு, முழங்கை வரை லேஸ் கையுறை, விரல் நிறைய வெள்ளி மோதிரம், கண்ணைச் சுற்றிப் பட்டையாக மை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த நம் ஊர்க்காரர் ஒருவர் அவரை அந்தக் கோலத்தில் பார்த்துவிட்டு, "வீட்டில் யாராவது தவறிவிட்டார்களா?" என்று கவலையோடு விசாரித்தார். "இல்லையே, நாற்பது வருடமாக எல்லாரும் நலம்" என்றார் அவர்.

கோத் என்றால் சாத்தான் கூட்டம், எந்நேரமும் அழுதுகொண்டிருப்பவர்கள் என்றுதான் நம்மவர்கள் பேசிக்கொள்கிறார்கள். அவரிடம் கேட்டால் முதலில் இசையைத்தான் சொல்வார். 1970களின் இறுதியில் பங்க் என்ற முரட்டு ராக் இசையின் ஆவேசம் தணிந்தபோது, இளைஞர்கள் சிலர் அதே கிதாரை மெதுவாகவும் இருண்ட தொனியிலும் வாசிக்கத் தொடங்கினார்கள். நார்தாம்ப்டனைச் சேர்ந்த பௌஹாஸ் குழு 1979இல் வெளியிட்ட முதல் பாட்டு ஒன்பது நிமிடத்துக்கும் மேல் ஓடும். பழைய டிராகுலா பட நடிகர் ஒருவரைப் பற்றியது. 1982இல் லண்டன் சோஹோவில் பேட்கேவ் என்ற கிளப் திறந்தது. எல்லாம் அங்கே பிறந்ததாக லண்டன்காரர்கள் சொல்வார்கள். லீட்ஸில் அப்படிச் சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வருவார்கள். சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி இசைக்குழு 1980இல் தொடங்கியது எங்கள் ஊரில். உடையும் மையும் இந்த இசையைச் சுற்றி வளர்ந்தவை.

கடைசி நாள்களில் இருக்கும் நோயாளியின் அருகில் உட்கார்ந்து பேச வேண்டிய நேரங்களில் எங்களில் பலர் தயங்குவோம். அப்போது அவரைத்தான் கூப்பிடுவோம். அதற்கும் அவர் கோத் ஆனதற்கும் தொடர்பு இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் அனுபவங்களை எழுதுங்கள். படத்தில் பார்த்தது வேண்டாம்.

சமையற்கட்டு, லைப்சிக்

எங்கள் ஊரில் 1992 முதல் பெந்தெகொஸ்தே விடுமுறையில் வேவ் கோதிக் ட்ரெஃபன் என்ற கோத் இசை விழா நடக்கிறது. உலகம் முழுவதிலிருந்தும் இருபதாயிரம் பேர் அளவுக்கு வருகிறார்கள். நான் வேலை செய்யும் உணவகத்துக்குக் கால்பந்துக் கூட்டமும் வரும், இந்தக் கூட்டமும் வரும். கால்பந்து நாளில் கண்ணாடிக் குவளைகளை உள்ளே எடுத்து வைத்துவிடுவோம். கோத் வாரத்தில் நல்ல மேசை விரிப்பாகப் பார்த்து விரிப்போம். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரு தடவை தலையில் ஆட்டுக்கொம்பு, முகமெல்லாம் வெள்ளைப் பூச்சு, வாசலில் குனிந்து நுழைய வேண்டிய உயரத்தோடு ஒரு மனிதர் வந்தார். மிகத் தாழ்ந்த குரலில் "குருமாவில் வேர்க்கடலை சேர்ப்பீர்களா?" என்று கேட்டார். மகளுக்கு ஒவ்வாமையாம். பின்னாலேயே கறுப்பு லேஸ் போர்த்திய தள்ளுவண்டியில் அந்த மகள்.

விழாவின் முதல் நாள் கிளாரா செட்கின் பூங்காவில் விக்டோரியன் பிக்னிக் நடக்கும். நீண்ட பாவாடையும் உயர்ந்த தொப்பியுமாகப் புல்வெளியில் உட்கார்ந்து கேக் சாப்பிடுவார்கள். உள்ளூர்ப் பெரியவர்கள் அதைப் பார்ப்பதற்காகவே வருவார்கள். எங்கள் முதலாளியம்மாவும் அந்தக் காலத்துக் கோத்தான். கிழக்கு ஜெர்மனியில் இப்படி உடுத்திய பிள்ளைகளை ஸ்டாசி உளவுத்துறை ஒரு தனி வகையாகவே குறித்துக் கண்காணித்தது. கடையில் எதுவும் கிடைக்காத காலம்; தலைமுடியை நிமிர்த்தி வைக்கச் சர்க்கரைத் தண்ணீர்தான் என்று சொல்லிச் சிரிப்பார். குளவி துரத்துமாம்.

இரு பிள்ளைகளின் தாய், மான்செஸ்டர்

என் மூத்த மகள் பதினைந்து வயதில் அறைச் சுவருக்குக் கறுப்பு அடிக்கட்டுமா என்று கேட்டாள். யாழ்ப்பாணத்திலிருந்து என் அக்கா தொலைபேசியில், "பிள்ளைக்கு என்னவோ பிடித்துவிட்டது, நூல் கட்டு" என்றார். பள்ளி ஆலோசகர் 2015இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்த ஓர் ஆய்வைக் காட்டினார். பதினைந்து வயதில் தங்களை வலுவாகக் கோத் என்று சொல்லிக்கொண்டவர்களிடம் பதினெட்டு வயதில் மனச்சோர்வு அதிகம் காணப்பட்டது என்கிறது அது. நானும் நடுங்கித்தான் போனேன். முழுவதும் வாசித்தால், கோத் ஆனதால் மனச்சோர்வு வந்தது என்று ஆய்வாளர்கள் சொல்லவே இல்லை. முன்பே வருத்தத்தில் இருக்கும், ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் தங்களைச் சேர்த்துக்கொள்ளும் கூட்டத்தைத் தேடிப் போயிருக்கலாம் என்றும் எழுதியிருந்தார்கள். என் மகளுக்கு வகுப்பில் ஒரு தோழிகூட இருந்ததில்லை. இப்போது வீட்டுக்கு நான்கு பேர் வருகிறார்கள். நான்கு பேரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். அந்தச் சப்பாத்துகளின் வார்களை அவிழ்க்கவே கால்மணி நேரம் ஆகும்.

என் பயம் வேறு. 2007 ஆகஸ்டில் இங்கே லங்காஷயரில் பேக்கப் என்ற ஊரின் பூங்காவில் சோஃபி லங்காஸ்டர் என்ற இருபது வயதுப் பெண்ணையும் அவள் காதலனையும் பதின்வயதுப் பையன்கள் தாக்கினார்கள். விழுந்து கிடந்த காதலனின் தலையை மடியில் வைத்து அவள் காத்தாள். அவளையும் மிதித்தார்கள். இரண்டு வாரத்துக்குள் இறந்துபோனாள். அவர்கள் உடுத்திய விதம்தான் காரணம், வேறு பகை எதுவும் கிடையாது. சோஃபியின் அம்மா அதன் பிறகு ஓர் அறக்கட்டளை தொடங்கிப் பல ஆண்டுகள் உழைத்தார். 2013இல் கிரேட்டர் மான்செஸ்டர் காவல்துறை, கோத், பங்க் போன்றவர்கள் மீதான தாக்குதலையும் வெறுப்புக் குற்றமாகப் பதியத் தொடங்கியது. பிரிட்டனில் அப்படிச் செய்த முதல் காவல்துறை அதுதான்.

மகள் இரவு பஸ்ஸில் வரும் நாள்களில் நிறுத்தத்துக்கே போய் நிற்கிறேன். கோயில் திருவிழாவுக்கு மட்டும் அந்தக் கறுப்பு உதட்டுச்சாயம் வேண்டாம் என்று இன்றும் சண்டை போடுகிறேன். அதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

கண்மை, வட லண்டன்

நானே கோத் என்பதால் உள்ளே இருப்பவளாக எழுதுகிறேன். "ஏன் கறுப்பு?" என்று என்னிடம் அதிகம் கேட்டவர்கள் தமிழர்கள்தான். கார்த்திகை பிறந்தால் தெருவெல்லாம் கறுப்பு வேட்டி கட்டும் ஊரிலிருந்து வந்தவர்கள், கறுப்புச் சட்டைக்கென்று ஓர் இயக்கமே கண்டவர்கள், நான் போட்டால் மட்டும் பேய் பிடித்ததா என்கிறார்கள்.

மதம் பற்றி: கோத்துக்கு மதம் கிடையாது. கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள், நாத்திகர்கள் இருக்கிறார்கள், நான் ஹைகேட் முருகன் கோயிலுக்குப் போகிறவள். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் 1839இல் திறந்த ஹைகேட் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. மார்க்ஸின் கல்லறையைப் பார்க்கப் பலர் போவார்கள். நான் போவது ஐவி படர்ந்த கல் தேவதைகளுக்காக. இறந்தவருக்காக இவ்வளவு வேலைப்பாடு செய்து, துக்கத்தை ஊரறிய வைத்திருக்கிறார்கள். ஒப்பாரியை ஒரு கலையாகவே வளர்த்தவர்களின் பேத்திக்கு இது பிடிக்காமல் போனால்தான் ஆச்சரியம்.

அதற்காக எங்கள் கூட்டத்தில் எல்லாரும் தங்கம் என்று நினைக்க வேண்டாம். பழைய இசைத்தட்டுகளின் பெயர் தெரியாதவளைப் போலி என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. வெளிறிய முகம்தான் அழகு என்ற பழக்கம் இன்னும் போகவில்லை. வெள்ளைப் பவுடர் போட்டால் நான் சாம்பல் பூத்த கத்திரிக்காய் மாதிரி இருப்பேன். ஆகையால் போடுவதில்லை. கண்மை போதும், அதில் இவர்கள் யாரும் நம்மை வெல்ல முடியாது. உடை பாதி தானக் கடைகளில் வாங்கியது, பாதி நானே தைத்தது. அம்மாவின் கறுப்புக் காஞ்சிப் பட்டை வெட்டிப் பாவாடை தைத்ததை மட்டும் வீட்டில் இன்னும் மன்னிக்கவில்லை.

ஒருநாள் பயணி

விட்பியை யாரும் சொல்லவில்லையே. வட யார்க்‌ஷயரின் கடற்கரை ஊர். 1897இல் வந்த டிராகுலா நாவலில் அவன் கரையிறங்குவது அங்கேதான். 1994 முதல் கோத் விழா நடக்கிறது. 199 படி ஏறிப் போனால் பழைய தேவாலயம். டிராகுலாவின் கல்லறை எங்கே என்று ஊழியர்களைக் கேட்காதீர்கள், அப்படி ஒன்று இல்லை என்று அங்கே எழுதியே வைத்திருக்கிறார்கள். கல்லறைகள் மேல் சாய்ந்து படம் எடுப்பவர்களைப் பற்றி விடுதிக்கார அம்மாள் குறைப்பட்டுக்கொண்டார். அவர்கள் கோத்கள் அல்ல, வேடம் போட்டுக்கொண்டு ஒருநாள் வருகிறவர்கள் என்றும் அவரே சொன்னார்.

இரவுப்பணி, லீட்ஸ்

எந்த இசையிலிருந்து தொடங்குவது என்று சிலர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். செவிலியரிடமே கேட்டேன். முதலில் ஜாய் டிவிஷன், அடுத்து சூசி அண்ட் த பன்ஷீஸ், பிறகு தி க்யூர் குழு 1980 முதல் 1982 வரை வெளியிட்ட மூன்று ஆல்பங்களை வரிசையாகக் கேட்கச் சொன்னார். பௌஹாஸை எடுத்தவுடன் கேட்டால் பலர் ஓடிவிடுகிறார்களாம்.

லைப்சிக் நண்பருக்கு: அடுத்த பெந்தெகொஸ்தேக்குச் செவிலியர் அங்கே வருகிறார். உணவகத்தின் பெயரை எனக்குத் தனியாக அனுப்புங்கள். சைவம் மட்டும்தான் சாப்பிடுவார், காரம் தாங்குவார்.