ரூட் நோட்டுக்குத் தமிழ்ச் சொல்: ஆதாரமா, மூலமா, முதலா, வேரா?

மடல் 1: மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் பக்கத்துத் தோட்டங்கள் பால்மரத்திலிருந்து செம்பனைக்கு மாறிவிட்டன. லயத்துக் குடும்பங்களும் பெரும்பாலும் தாமான்களுக்கு, அதாவது வீடமைப்புக் குடியிருப்புகளுக்கு, குடிவந்துவிட்டன. ஆனாலும் திருவிழா மேடைக் கச்சேரிக்குக் குறைவில்லை. அந்த மேடைகளில் தாழ்ந்த சுரங்களுக்கான நான்கு தந்திப் பேஸ் கிட்டார் வாசிக்கும் இளைஞர்கள் சிலருக்கு வார இறுதியில் இசைக்கோட்பாடு சொல்லித் தருகிறேன். பாட்டைக் கேட்ட மாத்திரத்தில் விரல் வைத்துவிடும் கெட்டிக்காரர்கள் அவர்கள். இந்த இடத்தில் ஏன் இந்தச் சுரம் என்று கேட்டால்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

பாடநூலாக ஓர் ஆங்கில மின்னூலை வைத்திருக்கிறோம். பையன்கள் ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். அதற்குமேல் படித்ததெல்லாம் மலாயில். ஆங்கில விளக்கத்தைக் கண்டால் பக்கத்தைத் தள்ளிவிட்டு ஒலிக்கோப்புக்குப் போய்விடுகிறார்கள். அதனால் நூலில் வரும் கலைச்சொற்களுக்குத் தமிழில் துணைக்கையேடு ஒன்று தயாரிக்கிறேன். டேப்லெட்டில் சொல்லைத் தொட்டால் அதன் விளக்கம் திறக்கும்.

கிட்டார் கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் ஃபிரெட்டுக்கு வீணைக்காரர்களின் ‘மெட்டு’ இருக்கிறது. வீணையில் 24 மெட்டு என்பது எல்லோரும் அறிந்ததுதான். ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்களின் தொகுதிக்குச் ‘சுரக்கூட்டு’ என்று வைத்துக்கொண்டேன். ஆங்கிலத்தின் ‘chord’ அது; கார்டு என்று எழுதினால் அட்டையாகிறது, கோர்ட் என்று எழுதினால் நீதிமன்றமாகிறது, வேறு வழியில்லை. இப்போது ரூட் நோட்டில் நிற்கிறேன். ஒரு சுரக்கூட்டு எந்தச் சுரத்தின்மீது கட்டப்பட்டு, எந்தச் சுரத்தின் பெயரால் அழைக்கப்படுகிறதோ, அந்தச் சுரம். இதற்கு என்ன சொல்லலாம்?

மடல் 2: கோயம்புத்தூரிலிருந்து

கையில் வெண்ணெய் இருக்கும்போது நெய்க்கு ஏன் அலைகிறீர்கள்? ஆதார சுருதி என்று நூற்றாண்டுகளாகச் சொல்லி வருகிறோம். ‘ஆதார சுரம்’ என்று வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போங்கள்.

மடல் 3: கிள்ளானிலிருந்து

‘மூலச்சுரம்’ என்பதே பொருத்தம். மூலம் என்றால் வேர், தோற்றம் இரண்டும் அடங்கிவிடும்.

மடல் 4: யாழ்ப்பாணத்திலிருந்து

‘முதற்சுரம்’ என்பது என் பரிந்துரை. முதல், மூன்றாவது, ஐந்தாவது என எண்ணுமுறையோடு ஒட்டிவரும். இன்னும் பழமைக்குப் போக விரும்பினால் ‘குரல்’ என்றே வைக்கலாம். சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஏழு பெண்களை நிறுத்திக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று பெயரிடுகிறாள் அல்லவா? ஐந்தாம் சுரத்துக்கு ‘இளி’ ஆயத்தமாக இருக்கிறது.

மடல் 5: சென்னையிலிருந்து

ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்லோரும் ரூட் என்றுதான் சொல்கிறோம். பேஸ் என்றும் ரூட் என்றும் அப்படியே எழுதுங்கள். பிள்ளைகள் நாளைக்கு எந்த ஊர்க் கலைஞரோடும் பேச வேண்டாமா?

மடல் 6: சுங்கை சிப்புட்டிலிருந்து

கருத்துச் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் வகுப்பில் வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்தருளுங்கள்.

முதலில் கோவை நண்பரின் ‘ஆதார சுரம்’. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் ஆதாரம் என்றதும் நம் காதில் எழுவது தம்பூரா. கச்சேரி தொடங்கி முடியும்வரை அது நகராது. நான் சொல் தேடுகிற சுரமோ சுரக்கூட்டு மாறும்போதெல்லாம் நகரும். சி மேஜரில், அதாவது சி என்ற சுரத்தைத் தலைமையாகக் கொண்டு, அமைந்த பாட்டில் சி, ஏ மைனர், எஃப், ஜி என்று கூட்டுகள் வரிசையாக வந்தால் ஆதாரம் நான்கிலும் சி-யிலேயே இருக்கிறது. ரூட் மட்டும் சி, ஏ, எஃப், ஜி என்று இடம்பெயர்கிறது. ஆகவே ‘ஆதாரம்’ என்ற சொல்லை பாட்டின் தலைமைச் சுரத்துக்கே விட்டுவிடுவோம். அங்கே அது மிகப் பொருத்தம்.

இதோடு மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. அந்த நொடியில் ஒலிக்கும் சுரங்களிலேயே மிகத் தாழ்ந்தது. இதை ‘அடிச்சுரம்’ என்று கையேட்டில் முன்பே எழுதிவிட்டேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள். பேஸ் வாசிப்பவர் பெரும்பாலும் ரூட்டையே வாசிப்பதால் இரண்டும் ஒன்றுதான் என்ற எண்ணம் பையன்களுக்கு வேரோடிவிடுகிறது. எனவே இந்தச் சோதனையைக் கொடுத்தேன்: பாட்டு சி மேஜரில். வரும் கூட்டு எஃப், அதாவது எஃப், ஏ, சி மூன்றும். பேஸ் மட்டும் மூன்றாம் தந்தியைத் திறந்து ஏ-யை வாசிக்கிறது. இப்போது ஆதாரம் சி, ரூட் எஃப், அடிச்சுரம் ஏ. மூன்றும் வெவ்வேறு. ஒரே சொல்லை இரண்டுக்குப் பயன்படுத்தினால்கூட இந்தக் கேள்விக்கு விடை எழுத முடியாது. இனி யார் எந்தச் சொல்லைக் கொண்டுவந்தாலும் இந்த எஃப், ஏ, சி-யில் உரசிப் பார்ப்பேன்.

ஐரோப்பியர்களுக்கும் இது எளிதில் பிரிந்த விஷயமல்ல. ஒலிக்கிற அடியும் கூட்டின் அடிப்படையும் வேறு வேறு என்பதைப் பிரெஞ்சு இசையறிஞர் ராமோ 1722-இல் வெளியிட்ட நூலில்தான் ஒரு கோட்பாடாகவே நிறுவினார். அதற்குமுன் கீழே எது ஒலிக்கிறதோ அதிலிருந்து மேல்நோக்கி எண்ணிக்கொண்டிருந்தார்கள். நம் பையன்கள் செய்வதும் அதுதான்.

சென்னை நண்பருக்கு: உங்கள் வாதத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆங்கிலச் சொல்லையும் கையேட்டில் பக்கத்திலேயே தருகிறேன். ஆனால் கடன்சொல் குழப்பத்தைத் தீர்க்கிறது என்று மட்டும் சொல்லாதீர்கள். தாழ்ந்த ஒலியைக் குறிக்கும் பேஸ், அடிப்படை என்று பொருள்படும் பேஸ் இரண்டும் தமிழ் எழுத்தில் ஒன்றே. ஆங்கில உச்சரிப்பிலும் ஒன்றே. ஆலையில் இரவு வேலை பார்த்துவிட்டு வரும் ஒரு பையன் ‘பேஸ் நோட்’ என்பதை அடிப்படைச் சுரம் என்றே புரிந்துகொண்டு, அதுதான் ரூட் என்று குறித்து வைத்திருந்தான். அவன் தர்க்கத்தில் பிழையே இல்லை.

‘மூலச்சுரம்’ பற்றிக் கிள்ளான் ஐயா மன்னிக்க வேண்டும். சுரம் என்றால் காய்ச்சல் என்றும் பொருளிருக்கிறது; அதைக்கூடச் சமாளித்துவிடலாம். அதோடு மூலமும் சேர்ந்துகொண்டால் நேரே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். வகுப்பில் இந்தச் சொல்லைச் சொன்னபின் பத்து நிமிடம் பாடம் நடக்கவில்லை. யாழ்ப்பாணத்து அம்மா சொன்ன ‘இளி’க்கும் இதே கதிதான், ‘இளியை வாசி’ என்றால் அவர்கள் வேறொன்றைச் செய்கிறார்கள். ‘குரல்’ அழகான பெயர். ஆனால் மேடையில் குரல் என்பது பாடகருடையது. ஒலிக்கலவைப் பலகையிலேயே அந்தப் பெயரை ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

‘முதற்சுரம்’தான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. அகர முதல என்ற குறளின் முதல் இது. தொடக்கமும் தலைமையும் இரண்டும் இதில் உண்டு. இதை விடுவதற்கு எனக்கு இரண்டு காரணங்கள். ஒன்று, ‘முதற்சுரத்தை வாசி’ என்றால் அடுத்த தாளவட்டத்தில் முதலில் வரும் சுரத்தை வாசிக்கிறார்கள். தட்டுக்கு ஒரு சுரமாக நடைபோடும் பேஸ் வரிகளில் பெரும்பாலும் முதல் தட்டில் ரூட்டே வருவதால் பிழை வெளியே தெரியாது. அதுதான் இன்னும் ஆபத்து. இரண்டாவது காரணம் முழுக்க மின்னூல் சார்ந்தது. நூலில் மெட்டுப் படங்களில் ரூட் இருக்கும் இடத்தில் வட்டத்துக்குள் ஆர் என்ற எழுத்து இருக்கிறது. பேஸில் இந்தப் படம்தான் எல்லாம். நான்கு தந்திகளும் ஒரே இடைவெளியில் சுருதி கூட்டப்பட்டிருப்பதால் ரூட் எங்கே என்று தெரிந்துவிட்டால் அடுத்த மெல்லிய தந்தியில் இரண்டு மெட்டு மேலே ஐந்தாம் சுரம், அதற்கும் அடுத்த தந்தியில் அதே மெட்டில் மேல் ஸ்தாயி. கழுத்தின் எந்தப் பகுதிக்குப் போனாலும் கையின் வடிவம் மாறாது. தமிழ்ப் படத்தில் ரூட்டுக்கு ‘மு’ என்றும் மூன்றாம் சுரத்துக்கு ‘மூ’ என்றும் போட்டால் கைப்பேசித் திரையில் என் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. எண் போடலாமே என்பீர்கள். 1 முதல் 4 வரை அதே படத்தில் விரல்களுக்குப் போய்விட்டது.

(எழுத்தளவைப் பெரிதாக்கிப் பாருங்கள் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். இந்நூலில் தந்திக் குறியீடுகளை வெறும் கோடும் எண்ணுமாகத் தட்டச்சு செய்திருக்கிறார்கள். பெரிதாக்கினால் வரி மடங்கி, நான்கு தந்திப் பேஸ் எட்டுத் தந்தியாகிவிடுகிறது.)

இனி என் பரிந்துரை: ‘வேர்ச்சுரம்’. ஆங்கிலத்தின் நேர்மொழிபெயர்ப்பு என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். எல்லா மொழியும் வேர் என்று சொல்வதில்லை. ஜெர்மானியர் இதை ‘கிருண்ட்டோன்’ என்கிறார்கள், அது தரையைச் சுட்டும் சொல். ஆகவே ஆங்கிலத்தில் இருக்கிறது என்பதற்காக இதை எடுக்கவில்லை. வேர்ச்சொல் என்பது நமக்கு நன்கு பழகிய சொல். அதிலிருந்து கிளைக்கும் சொற்களுக்கெல்லாம் அது அடிப்படை, ஆனால் எல்லா நேரமும் தான் வெளியே தெரிவதில்லை. வேர்ச்சுரமும் அப்படியே. பியானோ வாசிப்பவர் அதைப் பேஸ்காரரிடம் விட்டுவிட்டு மேலுள்ள சுரங்களை மட்டும் வாசிப்பதுண்டு. பேஸ்காரரும் வேறொன்றைத் தொட்டால் வேர்ச்சுரம் ஒலிக்கவே ஒலிக்காது. ஆனாலும் கூட்டின் பெயர் மாறாது. ஒலிக்காத ஒன்றை முதல், ஆதாரம், அடி என்று சொன்னால் ஒட்டவில்லை. மண்ணுக்குள் இருப்பதை வேர் என்பதில் யாருக்கும் சிரமமில்லை. மலாய்ப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு வேர் என்றதும் ‘அக்கார்’ என்று தானாகவே பொருள் விளங்கிவிடுகிறது. வட்டத்துக்குள் ‘வே’ கச்சிதமாக உட்கார்ந்துகொள்கிறது.

அடிச்சுரம் காதுக்கு உரியது, வேர்ச்சுரம் கணக்குக்கு உரியது என்று கையேட்டில் எழுதியிருக்கிறேன். கேட்டுச் சொல்ல வேண்டியது ஒன்று, யோசித்துச் சொல்ல வேண்டியது மற்றொன்று. இதில் காதுக்குரியதும் அவ்வளவு எளிதல்ல என்பதை மின்னூலில் காதால் கேட்டு எழுதும் பயிற்சிகளில் கண்டேன். பேஸின் நான்காம் தந்தியைத் திறந்து மீட்டினால் வருவது ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கி அதை எழுப்பாது. 82, 123 என்று மேலே எழும் மடங்குகளை வைத்துக் காது தானாகவே அடியை ஊகித்துக்கொள்கிறது. பியானோவும் முரசும் சேர்ந்த ஒலிக்கோப்பில் அந்த ஊகமும் தடுமாறி, பியானோவின் தாழ்ந்த சுரத்தை அடிச்சுரம் என்று எழுதிவிடுகிறார்கள். ஹெட்போன் இல்லாமல் இந்தப் பயிற்சியைச் செய்யக் கூடாது என்று கையேட்டின் அதே பக்கத்தில் எழுதிவிட்டேன். நூலாசிரியர் சொல்லியிருக்க வேண்டியது இது.

மடல் 7: சிங்கப்பூரிலிருந்து

வேர்ச்சுரத்துக்கு என் ஆதரவு. மென்பொருள் எழுதுபவன் என்ற முறையில் ஒரு தடையைச் சொல்கிறேன். மின்னூலில் ‘வேர்ச்சுரம்’ என்று தேடினால் ‘வேர்ச்சுரத்தை’, ‘வேர்ச்சுரத்தின்’ என்று வரும் இடங்கள் அகப்படா. அம் என்று முடியும் சொற்களுக்கெல்லாம் இந்தத் தொல்லை உண்டு. ‘வேர்’ என்று மட்டும் சுருக்கினாலும் ‘வேரை’யில் புள்ளி போய்விடுவதால் அதுவும் தப்பிவிடும். உயிரில் முடியும் சொல்லாக ஒன்றைப் பார்க்கக் கூடாதா?

மடல் 8: யாழ்ப்பாணத்திலிருந்து

மு, மூ பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். அது என் மனத்தில் படவில்லை. ஆனால் இளியை நான் கைவிடவில்லை. சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், ஒரு மாதத்தில் சொல் பழகிவிடும். ‘ஐந்தாம் சுரம்’ என்பது எண்ணேயன்றிப் பெயரல்ல.

மடல் 9: சுங்கை சிப்புட்டிலிருந்து

சிங்கப்பூர் தம்பிக்கு: தேடுபொறிக்காகச் சொல்லின் வாலை வெட்ட எனக்கு மனமில்லை. ‘வேர்ச்சுர’ என்று கடைசி எழுத்தை விட்டுத் தேடினால் எல்லா வடிவங்களும் வந்துவிடுகின்றன. கையேட்டின் முதல் பக்கத்திலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். தொட்டால் திறக்கும் இணைப்புகளை ஒவ்வொரு வேற்றுமை வடிவத்துக்கும் கையாலேயே போட்டுவருகிறேன், அதனால் படிப்பவருக்குத் தொல்லையில்லை. தொல்லையெல்லாம் எனக்குத்தான்.

அம்மாவுக்கு: இளியை ‘ஐந்தாம் சுரம்’ என்ற பதிவின் கீழே மாதரியின் ஏழு பெயர்களோடு தருகிறேன். பையன்கள் எதை எடுத்துக்கொள்கிறார்கள் என்று பார்ப்போம்.

அடுத்து ஒன்று மிச்சம் இருக்கிறது. எஃப் எழுதி, சாய்கோடு போட்டு, ஏ எழுதும் கூட்டுகளை வாய்விட்டு எப்படிச் சொல்வது? மேடையில் ஒருவருக்கொருவர் கத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீளமாக இருந்தால் பாட்டு போய்விடும். என் பையன்கள் இப்போதைக்கு ‘எஃப், அடி ஏ’ என்கிறார்கள். நான் சொல்லிக் கொடுத்ததல்ல. வேறு யாரேனும் இதைவிடக் குறுக்கமாகச் சொன்னால் மாற்றிக்கொள்ளலாம். சனிக்கிழமைக்குள் எழுதினால் இந்தப் பதிப்பிலேயே சேர்த்துவிடுவேன்.